பேட்ச் மாறிவிட்டது, மேஜ் எதை வாங்குவது? – வாசகர் கேள்வி பதில்

லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் கணினி விளையாட்டில் பேட்ச் எனப்படும் ஒவ்வொரு புதுப்பிப்புக்குப் பிறகும், மந்திரத்தால் தாக்கும் மேஜ் சாம்பியன்களுக்கு (ஆடும் பாத்திரங்களுக்கு) எந்த ஐட்டத்தை, எந்த வரிசையில் வாங்குவது என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு இம்மாதம் இந்தப் பக்கத்தை ஒதுக்கியிருக்கிறோம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால், அவற்றில் தெளிவாக எழுதப்பட்ட ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: என் மகன் பத்தாம் வகுப்பு படிக்கிறான். தான் எப்போதும் வாங்கும் மந்திரத் தொப்பியை அந்த நிறுவனம் வலுவிழக்கச் செய்துவிட்டது என்று புலம்புகிறான். காசு கொடுத்து வாங்கிய பொருளை அவர்கள் இப்படி மாற்றலாமா? – ஒரு தாய், மதுரை

பதில்: கவலைப்பட வேண்டாம் அம்மா. அந்தத் தொப்பிக்கு உங்கள் வீட்டுப் பணம் செலவாகவில்லை. ஒவ்வொரு ஆட்டமும் 500 கோல்டுடன் தொடங்குகிறது. எதிரிப் படையின் சிறு வீரர்களை வீழ்த்தியும், எதிராளிகளைத் தோற்கடித்தும் சேர்க்கும் கோல்டில்தான் ஐட்டங்களை வாங்குகிறார்கள். ஆட்டம் முடிந்ததும் கோல்டும் போய்விடும், ஐட்டமும் போய்விடும். அடுத்த ஆட்டத்தை எல்லோரும் மறுபடி 500 கோல்டில்தான் தொடங்க வேண்டும். உண்மையான பணம் செலவாவது பெரும்பாலும் ஸ்கின் எனப்படும் தோற்ற அலங்காரங்களுக்கு. அவை சாம்பியனின் பலத்தைக் கூட்டுவதில்லை. உங்கள் மகன் சொல்வது ரபாடன்ஸ் டெத்கேப் என்ற தொப்பியாகத்தான் இருக்க வேண்டும். அது உண்மையில் எவ்வளவு வலுவிழந்தது என்பதற்கான கணக்கு அடுத்த பதிலில் இருக்கிறது. அவனையும் படிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்கு ஒரு பேட்ச் வருகிறது. ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒரு மேஜ் ஐட்டத்தை நெர்ஃப் செய்கிறார்கள், அதாவது வலுவிழக்கச் செய்கிறார்கள். ஒவ்வொரு முறையும் என் பில்டை (ஐட்டங்களை வாங்கும் வரிசையை) முழுவதுமாக மாற்ற வேண்டுமா? – கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்

பதில்: வேண்டியதில்லை. பேட்ச் குறிப்பைப் படிக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது, மாறியது ஐட்டத்தின் எண்ணிக்கையா அல்லது அது செய்துகொண்டிருந்த வேலையா என்பதைத்தான். 2020 நவம்பரில் 10.23 பேட்ச் வந்தபோது ஐட்டங்களின் அமைப்பே மாறியது: ஒரு ஆட்டத்தில் ஒன்று மட்டும் வாங்கக்கூடிய மித்திக் ஐட்டங்கள் வந்தன, கூல்டவுனை, அதாவது ஒரு மந்திரத்தை மறுபடி வீசக் காத்திருக்க வேண்டிய நேரத்தை, 40 சதவீதம் வரை மட்டுமே குறைக்கலாம் என்றிருந்த பழைய வரம்பு போய், அந்த நேரத்தைக் குறைக்கும் ‘அபிலிட்டி ஹேஸ்ட்’ வந்தது. 2024 ஜனவரியில் 14.1 பேட்ச் மித்திக் வகையையே நீக்கிவிட்டது. இப்படிப்பட்ட மாற்றங்களின்போது பழைய பில்டைக் கையில் வைத்துக்கொண்டு தடுமாறுவதைவிட, புதிதாக யோசிப்பதே சுலபம். ஆனால் இவை பல ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் வருகின்றன. மற்ற பேட்சுகளில் பெரும்பாலும் எண்கள்தான் மாறுகின்றன, எண்களைக் கூட்டிப் பெருக்கிப் பார்க்காமல் அஞ்சக் கூடாது.

பலரை அலற வைத்த 14.19 பேட்சையே எடுத்துக்கொள்வோம். 2024 செப்டம்பரில் வந்த அந்தப் பேட்சில் டெத்கேப் தரும் ஏபி (மந்திர பலம்) 140 இலிருந்து 130 ஆகவும், மொத்த ஏபியை அது உயர்த்தும் விகிதம் 35 சதவீதத்திலிருந்து 30 சதவீதமாகவும் குறைந்தன. மற்ற ஐட்டங்களிலிருந்து உங்களுக்கு 300 ஏபி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய தொப்பியுடன் 440 ஐ 1.35 ஆல் பெருக்கினால் 594 ஏபி. புதிய தொப்பியுடன் 430 ஐ 1.30 ஆல் பெருக்கினால் 559 ஏபி. அடிப்படைச் சேதம் 250 ஆகவும், ஏபியில் 60 சதவீதத்தைக் கூட்டிக்கொள்வதாகவும் உள்ள ஒரு மந்திரத்தை எடுத்துக்கொண்டால், முன்பு 606 சேதம் செய்த அது இப்போது 585 செய்கிறது. அதாவது மூன்றரை சதவீதம்தான் குறைந்திருக்கிறது. எதிராளியின் தற்காப்பைக் கழிப்பதற்கு முந்தைய கணக்கு இது. அதே இடத்தில் 100 ஏபி தரும் வேறொரு ஐட்டத்தை வாங்கியிருந்தால் உங்கள் மொத்தம் 400 ஆகத்தான் இருந்திருக்கும். ஆகவே, ஆட்டத்தின் பிற்பகுதியில் ஏபியைக் குவிக்கும் மேஜுக்கு அந்தத் தொப்பியை விட்டுவிட எந்தக் காரணமும் ஏற்படவில்லை. மேலும் அந்தப் பேட்ச் ஒரு ஐட்டத்தை மட்டும் குறிவைக்கவில்லை. ஏராளமான ஐட்டங்களின் பலத்தை ஒருசேரக் குறைத்தது. எல்லாம் சேர்ந்து குறையும்போது உங்கள் சேதம் குறையலாமே ஒழிய, எதை வாங்குவது என்ற தேர்வு பெரிதாக மாறாது.

ஹேஸ்ட் குறையும்போதும் இதே பொறுமை தேவை. கூல்டவுனை 100 ஆல் பெருக்கி, 100 உடன் ஹேஸ்டைக் கூட்டி வரும் எண்ணால் வகுக்க வேண்டும். ஓர் ஐட்டத்தின் ஹேஸ்ட் 20 இலிருந்து 15 ஆனால், 10 விநாடி கூல்டவுன் கொண்ட மந்திரம் 8.3 விநாடிக்குப் பதிலாக 8.7 விநாடியில் திரும்பும். 120 விநாடி அல்டிமேட்டுக்கு (சாம்பியனின் மிகப் பெரிய மந்திரத்துக்கு) 100 விநாடி என்றிருந்தது 104 விநாடிக்குச் சற்று மேலாகும். சண்டை தொடங்கும் நேரத்தை நீங்களே தீர்மானிக்கும் ஆட்டக்காரராக இருந்தால் அந்த நான்கு விநாடிகளை எப்படியும் காத்திருந்து சமாளித்துவிடலாம்.

கேள்வி: நான் பிராண்ட் என்ற மேஜை ஆடுகிறேன். முன்பு லியாண்ட்ரிஸ் என்ற ஐட்டத்தை முதலில் வாங்கினால் போதும், மந்திரம் வீசச் செலவாகும் மனா தீராது. நீண்ட இடைவெளிக்குப் பின் திரும்பி வந்து அதே பழக்கத்தில் வாங்கினேன். பத்தாவது நிமிடத்திலேயே மனா தீர்ந்துபோய் நிற்கிறேன். – சென்னை, வேளச்சேரி

பதில்: லியாண்ட்ரிஸ் என்ற பெயர் நிலைத்துவிட்டது, ஐட்டத்தின் வேலை பாதி போய்விட்டது. மித்திக் காலத்தில் மேஜுகள் அதிகம் வாங்கிய லூடன்ஸ், லியாண்ட்ரிஸ், எவர்ஃப்ராஸ்ட் ஆகிய மூன்றும் முறையே வெடிப்பு, எரிப்பு, உறைவு என்று வெவ்வேறு வேலைகளைச் செய்தாலும், மூன்றும் மனாவும் ஹேஸ்டும் தந்தன. எதை எடுத்தாலும் மனா சேர்ந்தே வந்ததால், மனாவுக்காகத் தனியே யோசிக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இருக்கவில்லை. 14.1 இல் லியாண்ட்ரிஸ் ஹெல்த்தும் ஏபியும் தரும் எரிப்பு ஐட்டமாக மாறியபோது மனா அதிலிருந்து வெளியேறியது. எதிராளியின் அதிகபட்ச ஹெல்த்தில் விநாடிக்கு 2 சதவீதம் வீதம் மூன்று விநாடிகள் எரிக்கும் அதன் குணம் தொடர்ந்ததால், பலர் மனா போனதைக் கவனிக்கவே இல்லை.

உங்கள் பிராண்டின் தீ பற்றியிருக்கும்போது எதிரி இறந்தால் கொஞ்சம் மனா திரும்பக் கிடைக்கிறது என்பது உண்மை. லேனில் (இரு தளங்களையும் இணைக்கும் பாதையில்) சிறு வீரர்களை மந்திரத்தால் வீழ்த்தும்போது அது கைகொடுக்கும். அணி மொத்தமும் மோதும் நீண்ட சண்டைக்கு அது போதாது. ஆகவே முதல் ஐட்டமாக, மனா தரும் ‘லாஸ்ட் சாப்டர்’ என்ற சிறு ஐட்டத்தின் வழியாகக் கட்டப்படும் ஒன்றை எடுத்துக்கொண்டு, லியாண்ட்ரிஸை இரண்டாவதாக வைக்கவும். எரிப்பு வகை மேஜுகளின் இந்தக் குறையைத் தீர்க்கும் விதத்தில் 2024 இலேயே பிளாக்ஃபயர் டார்ச் என்ற ஐட்டம் வந்தது. மனா, ஹேஸ்ட், எரிப்பு மூன்றும் அதில் இருப்பதால் உங்களுக்கு அதுவே பொருத்தம். அல்டிமேட்டை நம்பி ஆடும் மேஜுகளுக்கு மாலிக்னன்ஸ் இருக்கிறது.

மனா தரும் ஐட்டம் ஒன்று வந்த பிறகு இரண்டாவது மனா ஐட்டம் பெரும்பாலான மேஜுகளுக்கு வீண்செலவு. மனா கூடினால் சேதமும் கூடும் ரைஸ், கசாடின் போன்றோருக்கும், மந்திரங்களை இடைவிடாமல் வீசும் கசியோபியாவுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது.

கேள்வி: சார்சரர்ஸ் ஷூஸ் வலுவிழந்துவிட்டது என்கிறார்கள். அதற்குப் பதிலாக வாய்டு ஸ்டாஃபை முன்கூட்டியே வாங்கலாமா? இரண்டுமே மேஜிக் பெனிட்ரேஷன்தானே? – கோலாலம்பூர்

பதில்: இரண்டும் ஒன்றே என்று நினைப்பதில்தான் கோல்டு அதிகம் வீணாகிறது. எதிராளியின் மேஜிக் ரெசிஸ்டிலிருந்து, அதாவது மந்திரத்தைத் தாங்கும் தற்காப்பிலிருந்து, ஷூஸ் குறிப்பிட்ட எண்ணைக் கழிக்கிறது, வாய்டு ஸ்டாஃப் விகிதத்தைக் கழிக்கிறது. கணக்கு எளிது: எதிராளியின் மேஜிக் ரெசிஸ்டை 100 உடன் கூட்டி, 100 ஐ அந்த எண்ணால் வகுத்தால் உங்கள் சேதத்தில் எத்தனை பங்கு உள்ளே போகிறது என்று தெரியும். 30 ரெசிஸ்ட் உள்ளவருக்கு 76.9 சதவீதம் போகும். 100 ரெசிஸ்ட் உள்ளவருக்குப் பாதி போகும்.

மேஜ், மார்க்ஸ்மேன் (தொலைவிலிருந்து சுடுபவர்) ஆகியோரில் பெரும்பாலோர் ஆட்டத்தை 30 ரெசிஸ்டுடன் தொடங்குகிறார்கள், லெவலுக்கு 1.3 வீதம் கூடி, 18 ஆவது லெவலில் 52 ஐத் தொடுகிறார்கள். நேருக்கு நேர் மோதும் சாம்பியன்களுக்குப் பெரும்பாலும் 32 இல் தொடங்கி, லெவலுக்கு 2.05 வீதம் ஏறி, இறுதியில் 67 ஆகும். இவை எதுவும் வாங்காத நிலையில் உள்ள எண்கள்.

சார்சரர்ஸ் ஷூஸ் ஒரு காலத்தில் 18 பெனிட்ரேஷன் தந்தது. பின்னர் அது 12 ஆகக் குறைந்தது. 30 ரெசிஸ்ட் உள்ளவர்மீது பழைய ஷூஸ் 89.3 சதவீதத்தை உள்ளே விட்டது. 12 தரும் ஷூஸ் 84.7 சதவீதத்தை விடுகிறது. குறைந்தது உண்மைதான். ஆனால் வாய்டு ஸ்டாஃப் 40 சதவீதத்தைக் கழிக்கிறது. 30 இல் 40 சதவீதம் என்பதும் 12 தான்! 1100 கோல்டு ஷூஸ் செய்யும் அதே வேலையை அவர்மீது செய்ய ஏறத்தாழ 3000 கோல்டு தர வேண்டியிருக்கிறது. வாய்டு ஸ்டாஃபுடன் வரும் ஏபியைக் கணக்கில் கொண்டாலும், ஆட்டத்தின் முதல் பதினைந்து நிமிடங்களில் இது மோசமான பேரம்.

எதிரே ஒரு டேங்க் (அடிகளைத் தாங்கி நிற்கும் சாம்பியன்) 150 ரெசிஸ்டுடன் நின்றால் கணக்கு தலைகீழாகிறது. எதுவுமின்றி 40 சதவீதம் உள்ளே போகும். ஷூஸுடன் 42 சதவீதம். வாய்டு ஸ்டாஃபுடன் 52.6 சதவீதம். அதாவது ஷூஸ் உங்கள் சேதத்தை இருபதில் ஒரு பங்கு கூட்டுகிறது, ஸ்டாஃப் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூட்டுகிறது. இரண்டும் கையில் இருந்தால் விகிதம் முதலில் கழிக்கப்பட்டு, எண் பிறகு கழிக்கப்படும். 100 ரெசிஸ்ட் 60 ஆகி, பிறகு 48 ஆகும். இந்த வரிசை மேஜுக்குச் சாதகமானது. 12 ஐ முதலில் கழித்திருந்தால் 88 இல் 40 சதவீதம் போய் 52.8 தான் மிஞ்சியிருக்கும்.

ஆகவே ஷூஸின் எண் குறைந்தது உங்கள் பில்டை மாற்றக் காரணமாகாது. எதிரணியில் நீங்கள் குறிவைக்கும் சாம்பியன்கள் ரெசிஸ்ட் ஐட்டங்களை வாங்கத் தொடங்கிவிட்டார்களா என்பதுதான் வாய்டு ஸ்டாஃபின் நேரத்தைத் தீர்மானிக்க வேண்டும். எதிரணியில் டேங்க் இருந்தும் நீங்கள் மார்க்ஸ்மேனை மட்டுமே தாக்கும் லெபிளாங்காக இருந்தால் அந்தக் கேள்வி உங்களுக்கு எழவே வேண்டியதில்லை. மென்மையான இலக்குகளை வீழ்த்துவதே உங்கள் வேலை என்றால், குறிப்பிட்ட எண்ணைக் கழிக்கும் ஷேடோஃப்ளேம் முன்னால் வரலாம். ஹெல்த் குறைந்த எதிராளிமீது அது கூடுதல் சேதமும் செய்கிறது. விகிதத்தைக் கழிக்கும் இன்னொரு ஐட்டமான கிரிப்ட்ப்ளூம் 30 சதவீதம் மட்டுமே கழித்தாலும் ஹேஸ்ட் தருகிறது, எதிராளி வீழும்போது அருகிலுள்ள கூட்டாளிகளுக்கு ஹெல்த் தருகிறது. அதையும் வாய்டு ஸ்டாஃபையும் சேர்த்து வாங்க முடியாது என்பதால், அணிக்காக ஆடுகிறோமா, ஆளை வீழ்த்த ஆடுகிறோமா என்று பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: புள்ளிவிவரத் தளங்களில் வெற்றி விகிதம் அதிகமுள்ள ஐட்டத்தை வாங்குவதுதானே சரி? – திருச்சி

பதில்: அந்த எண்ணை எந்த இடத்தில் வாங்கினார்கள் என்பதோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். விலையுயர்ந்த டெத்கேப்பின் வெற்றி விகிதம் உயர்ந்திருப்பதற்கு, ஏற்கெனவே வென்றுகொண்டிருப்பவர்களே அதை வாங்கும் அளவுக்குக் கோல்டு சேர்க்கிறார்கள் என்பது ஒரு பெரிய காரணம். தோற்றுக்கொண்டிருப்பவர் தற்காப்புக்கு வாங்கும் ஐட்டத்தின் விகிதம் இதே காரணத்தால் தாழ்ந்து தெரியும். முதல் ஐட்டங்களை முதல் ஐட்டங்களோடும், நான்காவதை நான்காவதோடும் ஒப்பிட்டால் ஓரளவு உண்மை தெரியும்.

பேட்ச் வந்த முதல் வாரத்து எண்களையும் நம்ப வேண்டாம். 14.1 இல் வந்த ஸ்டார்ம்சர்ஜ் இதற்குச் சிறந்த உதாரணம். சில விநாடிகளுக்குள் எதிராளியின் அதிகபட்ச ஹெல்த்தில் குறிப்பிட்ட பங்கைப் பறித்தால், இரண்டு விநாடி கழித்து அவர்மீது மின்னல் இறங்கும். அளவுக்கு மீறிய பலத்துடன் வந்ததால் பொருந்தியவர், பொருந்தாதவர் என்ற பேதமின்றி எல்லோரும் அதை வாங்கினார்கள். அடுத்தடுத்து அதன் பலம் குறைக்கப்பட்டது. குறைந்த பிறகும் சின்ட்ரா, லெபிளாங்க் போல ஒரே மூச்சில் சேதத்தைக் கொட்டுபவர்களுக்கு அது பயன்பட்டது. கசியோபியாவைப் போலச் சேதத்தைச் சீராகச் செலுத்துபவர்களுக்குத் தொடக்கத்திலிருந்தே அது பொருந்தியதில்லை, அதன் மிகையான எண்கள் அதை மறைத்தன.

கேள்வி: உலகக் கோப்பையில் டி1 அணியின் ஃபேக்கர் வாங்கிய வரிசையை அப்படியே பின்பற்றுகிறேன். அவருக்கு வேலை செய்வது எனக்கு ஏன் வேலை செய்யவில்லை? – யாழ்ப்பாணம்

பதில்: அவர் ஃபேக்கர் என்பதை ஒருபுறம் வைப்போம். 2024 உலகக் கோப்பை 14.18 பேட்சில் நடந்தது. செப்டம்பர் இறுதியில் தொடங்கி, லண்டனில் நவம்பர் 2 அன்று டி1 அணி பிலிபிலி கேமிங்கை 3–2 என்று வென்றதுவரை அதே பேட்ச்தான். ஆனால் போட்டி தொடங்கிய அதே நாட்களில் நம் கணினிகளுக்கு 14.19 வந்துவிட்டது, ஐட்டங்களின் பலத்தை ஒட்டுமொத்தமாகக் குறைத்த அதே 14.19. திரையில் நீங்கள் பார்த்த தொப்பிக்கு 35 சதவீதம், உங்கள் தொப்பிக்கு 30 சதவீதம். உலகக் கோப்பைக் காலத்தில் இந்த இடைவெளி எப்போதும் உண்டு. எந்தப் பேட்சில் ஆடுகிறார்கள் என்பதைப் பார்த்த பிறகே வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள்.

தவிர, தொழில்முறை அணியில் மேஜைச் சுற்றி நான்கு பேர் ஒரே குரலைக் கேட்டு நகர்கிறார்கள். அந்தப் பாதுகாப்பு இருப்பதால் அவர் தள்ளிப்போடும் ஜோன்யாஸை, முன்பின் தெரியாத நால்வருடன் ஆடும் நீங்கள் தள்ளிப்போட முடியாது. 2.5 விநாடி எதுவும் உங்களைத் தீண்டாமல் நிற்கும் அந்த வசதி, பேட்ச் குறிப்பில் எந்தச் சேதக் கணக்கிலும் வராது என்பதாலேயே பலர் அதைக் குறைத்து மதிக்கிறார்கள். ஸெட்டும் ஃபிஸும் உங்கள்மேல் பாயும் ஆட்டத்தில் எனக்கு அது இரண்டாவது ஐட்டம்.

கேள்வி: கைப்பேசியில் வைல்டு ரிஃப்ட் ஆடுகிறேன். கணினி ஆட்டத்தின் பேட்ச் குறிப்புகள் எனக்குப் பயன்படுமா? – சிங்கப்பூர்

பதில்: பயன்படா. ஐட்டங்களின் பெயர்கள் பல ஒன்றாக இருந்தாலும் வைல்டு ரிஃப்ட் தனி ஆட்டம், அதற்குத் தனிப் பேட்ச். தொடக்கத்தில் ஜோன்யாஸின் வேலையையே அங்கே காலணிக்கு ஏற்றும் மேம்பாடாக வைத்திருந்தார்கள் என்பதிலிருந்தே இரண்டும் எவ்வளவு விலகியவை என்று தெரியும்.

கேள்வி: என் ஐட்டங்களில் எதுவும் மாறவில்லை. ஆனாலும் 14.1 க்குப் பிறகு டேங்குகள்மீது என் சேதம் பாதியாகிவிட்டதுபோல் தோன்றுகிறது. என்ன காரணம்? – ஈப்போ

பதில்: பேட்ச் குறிப்பில் மேஜ் ஐட்டங்களை மட்டும் படித்துவிட்டு மூடிவிடுவதுதான் காரணம். 14.1 இல் டேங்குகளுக்குக் கைனிக் ரூக்கர்ன் வந்தது. அது 80 மேஜிக் ரெசிஸ்ட் தருவதோடு நிற்பதில்லை. தொடர்ந்து 15 விநாடிகள் மேஜிக் சேதம் படாமல் இருந்தால் அணிந்திருப்பவரின் அதிகபட்ச ஹெல்த்தில் 15 சதவீத அளவுக்கு ஒரு கவசத்தையும் எழுப்புகிறது. 4000 ஹெல்த் உள்ள டேங்குக்கு அது 600. நீங்கள் முழுத் திறனையும் அவர்மீது கொட்டித் தொடங்கினால் முதல் மந்திரம் முழுவதையும் அந்தக் கவசமே விழுங்கிவிடும்.

இதற்கு வாய்டு ஸ்டாஃப் ஓரளவுக்கே உதவும். இதைச் சமாளிக்க வேண்டியது கோல்டால் அல்ல, ஆடும் விதத்தால். டிராகனையோ ‘பேரன்’ (Baron) என்ற பெரிய மிருகத்தையோ வீழ்த்த அணிகள் கூடும்போது, விரைவில் திரும்பி வரும் சிறிய மந்திரம் ஒன்றைத் தொலைவிலிருந்து அவர்மீது படும்படி அவ்வப்போது வீசிக்கொண்டே இருங்கள். கவசம் உடைந்த பிறகு 15 விநாடி நேரத்தை அவர் சேர்க்க விடாமல் பார்த்துக்கொண்டால் உண்மையான சண்டை தொடங்கும்போது அது இருக்காது. லியாண்ட்ரிஸோ பிளாக்ஃபயர் டார்ச்சோ வைத்திருந்தால், எரிப்பு நீடிக்கும் நேரம் முழுவதும் அந்த 15 விநாடிக் கணக்கு தொடங்கவே முடியாது. எதிரணியில் யார் ரூக்கர்ன் வாங்கியிருக்கிறார் என்பதை டேப் விசையை அழுத்தி ஐட்டப் பட்டியலில் பாருங்கள். ஒவ்வொரு முறை தளத்துக்குத் திரும்பும்போதும், கடையைத் திறப்பதற்கு முன்பு அதைப் பார்த்துவிடுங்கள்.